பங்கு நாறுவதில்லை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். ஜன்னலோர ஆசாமி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். உள்ளூர்க்காரர் மட்டும் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஷேர் பற்றி எழுத உட்கார்ந்தவன் தோல் ஷாப்பில் போய் நிற்கிறானே என்று பார்க்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஆட்டுத் தோலை உப்புப் போட்டு வைத்தாலும் அதற்கு ஆயுசு கொஞ்சம்தான். அனுபவப்பட்டவர் வாங்கும்போது ரோமத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 'நான் என்ன விலைக்கு வாங்கினேன் தெரியுமா பாய்?' என்று அவரிடம் புலம்பினால் சிரிப்பார். நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பது தோலுக்குத் தெரியாது. வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு இன்னும் நாறும்.

டீமேட் கணக்கில் இருக்கும் பங்குக்கு இந்த நல்ல குணம் கிடையாது. அழுகினாலும் வாடை வராது. செல்போனில் ஒரு சிவப்பு எண்ணாக, சாதுவாக உட்கார்ந்திருக்கும். நாமும் அந்தப் பக்கம் பார்க்காமலே மாதக்கணக்கில் காலம் தள்ளிவிடுவோம்.

வேலூரில் எந்த ஆபீஸ் டீ இடைவேளையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"சார், 600 ரூபாய்க்கு வாங்கினது 300-ல நிக்குது. என்ன பண்றது?"

"ஏன்ப்பா இன்னும் வச்சிருக்க?"

"வாங்கின விலைக்கு வந்ததும் வித்துடலாம்னுதான் சார்."

"போன வாரம் இன்னொண்ணு ஏறிக்கிட்டிருந்துதே?"

"அதுவா? 20 பர்சன்ட் லாபம் வந்துச்சு. உடனே வித்துட்டேன்."

ஓடுகிற குதிரையை விற்றுவிட்டு, நொண்டிக் குதிரைக்குப் புல் வாங்கிப் போடுகிறோம். இது வேலூர்க்காரருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. டெரன்ஸ் ஓடியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு புரோக்கர் கம்பெனியின் 10,000 கணக்குகளைக் குடைந்து பார்த்து 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார. அங்கேயும் இதே கதை. லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்கிறார்கள், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், விற்றுத் தொலைத்த பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், கட்டிப்பிடித்த பங்குகளை விடச் சராசரியாக 3.4 சதவீதம் அதிகம் சம்பாதித்தன.

நஷ்டத்தில் விற்றால் 'நான் ஏமாந்தேன்' என்று நமக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. விற்காத வரை அது 'பேப்பர் நஷ்டம்'. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டி.எச்.எஃப்.எல். ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக் கடன் கம்பெனி. 2018 செப்டம்பரில் 600 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, 21-ம் தேதி ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 'பாதி விலைக்கு வந்திருக்கு, விடலாமா?' என்று வாங்கியவர்கள் உண்டு. முன்பே வைத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் வாங்கி 'ஆவரேஜ்' பண்ணினார்கள். 2019-ல் ஆடிட்டர்கள் விலகினார்கள். அதே வருடம் நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவையே கலைத்தது. ரோமம் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது! ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2021 ஜூனில் கம்பெனி பிரமல் குழுமத்துக்குப் போவதற்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது. பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். அந்த ஒப்புதல் வந்த மறுநாள் பங்கு விலை ஏறியது என்பதுதான் உச்சக்கட்ட காமெடி. அன்றைக்கும் யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

சரி, விலை இறங்கினாலே அழுகல்தானா? அதுவும் இல்லை. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் நல்ல தோலும் விலை இறங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் ஷூக்காரர்கள் கலங்கிப் போனார்கள். அதற்காக அவர்கள் தைத்த ஷூ மட்டமாகிவிடவில்லை. விலை சரிந்ததா, சரக்கே கெட்டதா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கும் நம்ம பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பெரிய தோல் கம்பெனிகள் பெரும்பாலும் குடும்பச் சொத்து, பங்கு வெளியே வராது. ஆனால் ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலை இருக்கிறது. 2020-ல் பெல் பங்கு 20 ரூபாய் வாக்கில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. 2019-20, 2020-21 இரண்டு வருடமும் கம்பெனிக்கு நஷ்டம். ரோமத்தை இழுத்தால் கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது, கொதிகலனும் டர்பைனும் செய்யத் தெரிந்த ஆட்கள் உள்ளே இருந்தார்கள். அனல் மின் நிலைய ஆர்டர்கள் மறுபடி வந்தன. 2024-ல் பங்கு 300 ரூபாயைத் தாண்டியது. இது எனக்கு முன்னாடியே தெரியும் என்று இன்றைக்குச் சொல்கிறவரிடம் 2020 கான்ட்ராக்ட் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சை மாற்றிவிடுவார்.

ஆகவே ரோம சோதனை நூற்றுக்கு நூறு பலிக்காது. ஆனால் பண்ணாமல் இருப்பதற்கு அது சாக்கு அல்ல. கடன் வருடா வருடம் ஏறுகிறதா? முதலாளி தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா? (பங்குச் சந்தை இணையதளங்களில் காலாண்டுக்கு ஒரு தடவை வருகிறது, காசு கேட்கமாட்டார்கள்.) ஆடிட்டர் பாதியில் எழுந்து போனாரா? லாபம் என்று கணக்கு காட்டுகிறார்களே, அந்தப் பணம் பாங்குக்கு வந்ததா? அப்புறம், வாங்கின விலையை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி. 300 ரூபாய் இன்றைக்கு ரொக்கமாகக் கையில் இருந்தால், இதே பங்கைப் போய் வாங்குவீர்களா? 'சே, அதைப் போய் எவன் வாங்குவான்?' என்று உள்ளே குரல் கேட்டால், அந்த எவன் நீங்கள்தான். தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் யார் பார்ப்பது என்று அடுத்தவரிடம் கொடுத்ததும் நம் மாவட்டத்தில் நடந்தது. 2022-ல் காட்பாடியின் ஐ.எஃப்.எஸ். விவகாரம் வெடித்தபோது பென்ஷன் பணத்தைப் போட்டவர்களும் இருந்தார்கள். மாதா மாதம் தவறாமல் இத்தனை சதவீதம் என்று வாக்கு. பொருளாதாரக் குற்றப் பிரிவு வரிசையில் நின்றவர்களைப் பற்றி ஜோக் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மட்டும். மாதா மாதம் தவறாமல் ஏறும் பங்கு எந்த ஊரிலும் இல்லை.

நஷ்டத்தில் விற்பவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். அந்த நஷ்டத்தை வேறு பங்கில் வந்த லாபத்தோடு சட்டப்படி கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை 8 வருடம் வரை எடுத்துப் போகலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தோடு மட்டும்தான் கழிக்க முடியும். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால்தான் இந்தச் சலுகை, கடைசி நாள் ராத்திரி ஆடிட்டர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

அந்தச் சிவப்பு எண்ணைத் திறந்து பார்க்க இன்னும் பயமாக இருந்தால், ஆம்பூரில் இறங்கி ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். எண்ணெய்க் கத்திரிக்காயைக் கேட்டு வாங்குங்கள், சில கடைகளில் தானாக வைக்கமாட்டார்கள்.