உடைந்த ஓடுகளின் நகரம்

கலூரிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால் அவர்கள் சிறிது தயங்கியே விடை கூறுகின்றனர். தாத்தாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கமாக இருக்கும். பிறந்ததும் படித்ததும் கொச்சியாக இருக்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் பாதி உண்மையே சொன்னதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இத்தயக்கத்தை எண்ணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் ஓவியர் விவான் சுந்தரம். அவருடைய கலை வாழ்க்கையை இத்திங்கள் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விவான் சுந்தரம் 1943ஆம் ஆண்டு சிம்லாவில் பிறந்தார். தந்தையார் கே. வி. கே. சுந்தரம், இந்திய அரசின் முதல் சட்டச் செயலாளராக இருந்தவர். பின்னர் 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராகப் பணியாற்றியவர். பெயரைக் கேட்ட அளவிலேயே அது தென்னாட்டுப் பெயர் என்பது விளங்கும். தாயார் இந்திரா, புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை. தாய்வழித் தாத்தா பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. பாட்டி ஹங்கேரி நாட்டு மாது. இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளையிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்! ஒரே ஊரைச் சுட்டி விடை கூற இயலாத அந்நிலையை அவர் குறையாகக் கொள்ளவில்லை. தம் கலைக்கு அதையே முதலாக்கிக் கொண்டார்.

பரோடாப் பல்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்று 1965இல் பட்டம் பெற்றபின், உதவித் தொகையுடன் லண்டன் சென்று ஸ்லேட் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஓவியத்தோடு திரைப்பட வரலாற்றையும் பயின்றார். 1968இல் ஐரோப்பிய மாணவர்களிடையே எழுந்த கிளர்ச்சி அவர் உள்ளத்திலும் தீ மூட்டிற்று. தாயகம் திரும்பியபின், நெரூதாவின் மச்சு பிச்சுக் கவிதையை ஒட்டி 1972இல் கோட்டுச் சித்திரங்கள் வரைந்தார். நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றியும் வரைந்தார். 1976இல் கசௌலி மலையூரில் கலை மையம் ஒன்றைத் தொடங்கி, ஓவியரும் எழுத்தாளரும் நாடகக்காரரும் ஒன்றுகூடி உரையாட வழி செய்தார். கலை விமரிசகர் கீதா கபூர் அவருடைய வாழ்க்கைத் துணைவியார். சிந்தனைத் துணைவியாரும் அவரே.

எண்ணெய் வண்ண ஓவியராக அவர் நல்ல பெயர் பெற்றிருந்தார். அந்நிலையில் மற்றொருவராயின், வந்த புகழைக் காத்துக்கொண்டு, விற்கும் படங்களையே மேலும் மேலும் தீட்டியிருப்பார். இவரோ ஏறக்குறைய ஐம்பது வயதில் புதுவழி தேடினார். 1991இல் வளைகுடாப் போர் மூண்டபோது, கரித்தூளையும் எந்திர எண்ணெயையும் கொண்டு காகிதத்தில் படைத்தார். எண்ணெய்க்காக நடந்த போரை எண்ணெயாலேயே எழுதினார் எனலாம். அடுத்து, பம்பாயில் 1992ஆம் ஆண்டின் இறுதியிலும் 1993ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த கலவரத்தில் தெருவில் விழுந்து கிடந்த ஒரு மனிதனின் புகைப்படம் நாளிதழில் வெளிவந்தது. அதை மையமாக வைத்து 1993இல் 'நினைவுச் சின்னம்' என்னும் படைப்பை அமைத்தார். பெயர் தெரியாத ஒருவனுக்குத் தம் கைகளால் அவர் எழுப்பிய சமாதி அது. ஆணிகளும் இரும்பும் கண்ணாடியும் அதில் வண்ணங்களின் வேலையைச் செய்தன.

பின்னர் அவர் நாட்டம் குப்பையின்மேல் சென்றது. நகரம் கழித்தெறிந்த டப்பாக்களையும் புட்டிகளையும் பிளாஸ்டிக் பொருள்களையும் குப்பை பொறுக்கி வாழ்வோரின் துணையுடன் சேர்த்து, தம் தொழிற்கூடத்தின் தரையில் ஒரு பெருநகரத்தையே அமைத்தார். மேலிருந்து அதைப் படமெடுத்தார். இக்காலத்தில்தான் அவர் விடியோப் படங்களிலும் மிகுதியாக ஈடுபட்டார். 2005இல் எடுத்த ஒரு குறும்படத்தில், குப்பை மேட்டில் கிடக்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் சிறிது நேரம் மேலெழுகிறான். அவ்வளவே காட்சி.

"கதையில்லை, பாட்டில்லை, இது என்ன படம்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொட்டகையில் நாம் காணும் படம் நம்மை நாற்காலியில் அமர்த்திக் கதை சொல்கிறது. இவ்வகைப் படமோ கண்காட்சிக் கூடத்தின் சுவரில் ஓடுகிறது. நாம் நின்று பார்க்கலாம், நடந்தும் பார்க்கலாம், தொடக்கமும் முடிவும் நம் விருப்பம். கோயில் தூணில் செதுக்கிய சிற்பத்தைச் சுற்றி வந்து காண்பதில்லையா? அதுபோலக் காலத்தைச் செதுக்கி வைத்த சிற்பம் என்று இதைக் கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். விவானின் பெரியம்மா அம்ரிதா ஷெர்கில் 1937ஆம் ஆண்டு தென்னாட்டுப் பயணத்தில் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வந்தார். இராமாயணக் காட்சிகள் தீட்டிய அச்சுவர்களைக் கண்டு வியந்து கடிதங்கள் எழுதினார். அன்று அவற்றின் அருமையை அறிந்தவர் மிகச் சிலரே. அதே ஆண்டில் தென்னாட்டு மக்களை வைத்து அவர் தீட்டிய மூன்று ஓவியங்கள் இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றின. 1941இல் இருபத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். விவான் அவரைக் கண்டதேயில்லை. ஆயினும் தாத்தா எடுத்து வைத்திருந்த குடும்பப் புகைப்படங்களைக் கொண்டு, தலைமுறைகள் ஒரே சட்டத்தில் சந்திப்பதுபோல் புதுப் படங்களை 2001ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். பெரியம்மாவின் கடிதங்களைத் தொகுத்து 2010இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்.

பெரியம்மா வந்து சென்று எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவரும் கொச்சிக்கு வந்தார். 2012 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி-முசிறிஸ் கலைத் திருவிழா முதன்முறையாகத் தொடங்கிற்று. கோட்டைக் கொச்சியில், ஒரு காலத்தில் மிளகும் தேங்காயெண்ணெயும் நிரம்பியிருந்த ஆஸ்பின்வால் வணிக மாளிகையில், 'கறுப்புப் பொன்' என்ற அவருடைய படைப்பு இடம்பெற்றது.

அதன் மூலப்பொருள் யாது? பானை ஓடுகள்! வடக்கன் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் 2007 முதல் அகழ்ந்து வந்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் துண்டுகள், மணிகள், மிளகு, மரப் படகு, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடு முதலியன அங்குக் கிடைத்தன. பண்டை முசிறித் துறைமுகத்தைச் சேர்ந்த இடம் அதுவே என அறிஞர் பலர் கருதுகின்றனர். பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பிய அம்முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருப்பதை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து பழைய துறைமுகம் தூர்ந்தது என்றும், கொச்சியின் முகத்துவாரம் அதனால் திறந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அகழ்வில் குவியும் ஓடுகள் அனைத்தையும் ஆய்வாளர் வைத்துக்கொள்வதில்லை. எழுத்தோ வடிவோ இல்லாதவை ஒதுக்கப்படும். அவ்வாறு ஒதுக்கிய ஓடுகளையே விவான் கேட்டு வாங்கினார். அவற்றைப் பரப்பி, சுவர்களும் தெருக்களும் உள்ளதுபோல் தோன்றும் ஒரு கற்பனை நகரத்தை அமைத்தார். அந்நகரத்தில் நீர் புகுவதையும், மிளகு மணிகள் மிதப்பதையும் விடியோவில் காட்டினார்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? முசிறி எங்களுடையது என்று தமிழர் பெருமை பேசுகின்றோம். எங்கள் மண்ணில் உள்ளது என்று மலையாள அன்பர்கள் கூறுகின்றனர். இரண்டும் மெய்யே. ஆனால் அந்த ஓட்டுக் குவியலில் சேர நாட்டுக் குயவன் வனைந்த பானையும் கடல் கடந்து வந்த சாடியும் கலந்து கிடந்தன. எது உள்ளூரது, எது வந்தேறியது என்று பிரித்தறிவதற்கு ஆய்வாளருக்கே பயிற்சி வேண்டும். வந்தவரும் இருந்தவரும் சேர்ந்துதான் அத்துறைமுகத்தை ஆக்கினர். வத்துருத்தியில் குடியிருந்து கூலி வேலைக்குச் செல்லும் நம் தொழிலாளியையும், கலூரில் கடை வைத்திருக்கும் நம் வணிகரையும் "வந்தவர்கள்" என்று ஒருவர் சொல்லும்போது நாம் வெட்கமோ சினமோ கொள்ள வேண்டுவதில்லை. கொச்சி எந்நாளும் வந்தவர்களால் வளர்ந்த ஊர். அதேபோல், நமக்குப் பின் வங்காளத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்களை இகழும் வழக்கம் நம்மிடையே தலைகாட்டினால், அதைக் கண்டிக்கும் கடமையும் நமக்கு உண்டு.

இறுதிவரை விவான் சுந்தரம் ஓய்ந்திருக்கவில்லை. 1946ஆம் ஆண்டுக் கடற்படை வீரர் எழுச்சியைப் பற்றி 2017இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், கப்பல்போன்ற எஃகுக் கூடமும் ஒலியும் கொண்ட படைப்பை நண்பர்களோடு சேர்ந்து அமைத்தார். அவருடைய கடைசிப் படைப்புகளுள் ஒன்று 2023இல் ஷார்ஜாக் கலைவிழாவில் வைக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 29ஆம் நாள் டில்லியில் காலமானார்.

பெற்றோர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துச் சென்று சுவரோவியங்களைக் காட்டுங்கள். மற்றொரு நாள் பறவூர்ப் பக்கம் சென்று பட்டணத்தின் மண்ணைக் காட்டுங்கள். வீட்டில் பாட்டியார் ஊரிலிருந்து கொண்டுவந்த கீறல் விழுந்த மரக்காலோ, கைப்பிடி போன செம்போ இருப்பின், அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போடுமுன் அது வந்த வரலாற்றைப் பாட்டியாரையே சொல்லச் செய்து, பிள்ளையின் கையால் எழுதி வையுங்கள். "உங்கள் சொந்த ஊர் எது?" என்று அடுத்த முறை யாரேனும் கேட்டால், பிள்ளைகள் இரண்டு ஊர்ப் பெயரையும் தயங்காமல் சொல்லட்டும்.