பிழை சொல்லவும் தமிழ் வேண்டும்

சென்ற மாதம் களுவாஞ்சிக்குடியில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் அமர்ந்திருந்தேன். படுவான்கரையிலிருந்து 'பாதை' ஏறி (மிதவைப் படகுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது) வாவி கடந்து வந்த மூதாட்டி ஒருவருக்காக, கடைக்காரத் தம்பி ஓர் அரச அலுவலகத்தின் இணைய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டாம். அரை மணி நேரம் தமிழிலேயே நிரப்பி, 'சமர்ப்பி' என்பதை அழுத்தியதும் திரை வெளுத்தது. 500 என்றோர் எண். கீழே நாற்பது வரி ஆங்கிலம். அடியில் அப்பாச்சி டொம்கட் என்ற பெயரும் அதன் பதிப்பிலக்கமும்.

"என்ன மனே எழுதிக் கிடக்கு? நான் ஏதும் பிழை விட்டிட்டனா?" என்றார் அவர்.

அவர் ஒரு பிழையும் விடவில்லை. 4இல் தொடங்கும் எண் கேட்பவர் பக்கத்துப் பிழை. 5இல் தொடங்குவது வழங்கியின் பிழை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதை நிர்வாக மொழியாக்கியது. ஆனால் 'தவறு எம்முடையது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அரசுக்குத் தமிழ் வருவதில்லை.

'அது சிஸ்டம் தானாகக் காட்டுவது' என்பார்கள். பொய். டொம்கட்டில் ஓடும் செயலியில் வெப்.எக்ஸ்.எம்.எல் என்றொரு கோப்பு வைக்கலாம். இந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் என்று அதில் நாலு வரி எழுதினால் போதும். நிரல் விபரத்தையும் பதிப்பிலக்கத்தையும் மறைக்க வழங்கியின் அமைப்பில் இன்னொரு வரி. அவை மூதாட்டிக்கு உதவா. தாக்க நினைப்பவனுக்கே உதவும்.

'தமிழில் போட்டோம், கேள்விக்குறிகளாக வந்தது, எடுத்துவிட்டோம்' என்பது அடுத்த சாட்டு. குற்றம் தமிழினுடையதல்ல. குறிமுறை இன்னதென்று சொல்லாவிட்டால் ஜாவா வழங்கி ஐ.எஸ்.ஓ 8859-1 என்ற மேற்கைரோப்பிய எழுத்துத் தொகுதியில் அனுப்பும். அதில் தமிழுக்கு இடமில்லை. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி விழும். பக்கத்தின் தலையில் யூ.டி.எஃப்-8 என்று அறிவித்தால் தீர்ந்தது. மொழிக்கோப்புகளையும் 2017இல் ஜாவா 9 வரும்வரை அந்த ஐரோப்பிய முறையிலேயேதான் வாசித்தார்கள். பழைய ஜாவாவில் ஓடும் தளங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைப் பக்கம் தரவுத்தளத்தை நாடக் கூடாது. தரவுத்தளம் விழுந்த வேளையில் அதுவும் விழும். பழைய ஆங்கிலமே மீண்டும் வரும்.

பத்திரிகையில் நாங்கள் திருத்தம் போடுவது வாசகரின் மொழியில். அச்சு இயந்திரத்தின் பழுதறிக்கையை அவர் கையில் கொடுப்பதில்லை. என்ன நடந்தது, கொடுத்த விபரம் பதிவானதா, யாரைக் கேட்பது: இம்மூன்றுக்கும் மூன்று தமிழ் வரிகள் போதும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்று தம்பியாலும் சொல்ல முடியவில்லை. மீண்டும் அனுப்பினால் இரண்டாகிவிடுமோ என்று அஞ்சி அப்படியே விட்டார். மூதாட்டி பாதைக்கு நேரமாகிறதென்று எழுந்து போனார்.