ஏரியைக் காப்பது யார்?

மதுராந்தகத்தில் "ஏரி காத்த ராமர்" என்று ஒரு சாமி இருப்பது நம் பக்கத்து ஜனங்கள் யாவரும் அறிந்ததே. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் துரை, ஏரி உடைந்துவிடுமோ என்று மழை இரவில் கரைக்குப் போனாராம், அங்கே ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்றார்களாம், ஏரி தப்பியதாம். அதற்கு முன் அதே கரை உடைந்ததுண்டு என்றும் அந்தக் கதையே ஒப்புக்கொள்ளுகிறது. அப்போது வில்வீரர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கிறோம்.

வாஸ்தவத்தில் ஏரியைக் காப்பது கலங்கல். ஏரிக்கரை மண்ணால் ஆனது. அதன் தலைமேல் தண்ணீர் வழிந்தால் மண்ணை அரித்துக் கரையையே கொண்டுபோய்விடும். அதனால்தான் நம் முன்னோர் கரையைவிடத் தாழ்வாக ஓரிடத்தில் கல்லால் கலங்கல் கட்டி, மிஞ்சின தண்ணீரை அதன் வழியே போகவிட்டார்கள். விழுகிற தண்ணீர் அடித்தரையைப் பறிக்காதபடி கீழே கல் பரப்பினார்கள். அலை கரையைத் தின்னாதபடி உட்சரிவிலும் கல் பதித்தார்கள். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? மதகைத் திறந்து மூடி, மழையில் நனைந்து கரையில் நின்ற நீர்க்கட்டிகளோ, பல ஊர்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும் வரை கரை காத்தவனுக்குக் கோவில் வாசற்படி மிதிக்க உரிமையில்லை. காக்காத கல்லுக்கு உற்சவம்!

திருமழிசைத் தோழர்கள் மதுராந்தகம் வரை போக வேண்டியதில்லை. பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. மிஞ்சின நீரை விட 5 கண் மதகும் 19 கண் மதகும் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2015 டிசம்பர் முதல் நாளிரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கியது. திருமழிசை ஆழ்வார் சொன்னதும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டதாகச் சொல்லப்படும் பெருமாள் அன்று வரவில்லை. 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் தலைவிதி என்று சொல்லாமல், மனிதரால் வந்த கேடு என்றே சொல்லிற்று. மதகு இருந்தால் மட்டும் போதாது. எப்போது எவ்வளவு திறப்பது என்ற அறிவும், வெள்ளம் போகும் வழியை அடைக்காத யோக்கியதையும் வேண்டும்.

ஆகவே, கரையில் கற்பூரம் கொளுத்துவதை விட்டுவிட்டு, மழைக்கு முன்பே உங்கள் ஊர்க் கலங்கலைப் போய்ப் பாருங்கள். கல் பெயர்ந்திருக்கிறதா? ஷட்டர் ஏறி இறங்குகிறதா? வாய்க்காலைக் குப்பையோ கட்டிடமோ அடைத்திருக்கிறதா? குறை இருந்தால் ஊர் கூடி நீர்வளத்துறையைக் கேளுங்கள். சர்க்கார் செய்ய வேண்டிய வேலையைச் சாமி தலையில் சுமத்தினால் சர்க்காருக்கும் லாபம், பூசாரிக்கும் லாபம். நஷ்டமெல்லாம் தாழ்ந்த இடத்தில் குடிசை போட்டிருக்கும் ஏழைக்குத்தான்.