கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தேதி மாறுவது ஏன்? பட்டன் பேட்டரி முதல் டெல்லி அணுக்கடிகாரம் வரை

காலை ஒன்பது மணி. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயின் சுவிட்சைப் போட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார் கடைக்காரர். திரையின் ஓரத்தில் தேதி 2015 என்று காட்டுகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பட்டா நகல் எடுக்க வந்தவர் காத்திருக்க, இணையதளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வேறு. "நெட் போயிடுச்சு போல" என்று மோடத்தை அணைத்துப் போடுகிறார்.

கோளாறு நெட்டில் இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவிலான பேட்டரியில் இருக்கிறது. அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்தால் நிற்பது ஒரு கடையின் வேலை மட்டும் இல்லை. பில், டிஜிட்டல் கையெழுத்து, சிசிடிவி பதிவு என நேரத்தை நம்பி இருக்கும் எல்லாமே கேள்விக்குள்ளாகும்.

ஆன் செய்த நொடியில் என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று ஹார்டுவேர் கடிகாரம். 'ஆர்டிசி' என்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பட்டன் பேட்டரியின் தயவில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று சிஸ்டம் கடிகாரம். இது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் கணக்கு. கம்ப்யூட்டரை அணைத்ததும் இந்தக் கணக்கு அழிந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் சிஸ்டம் கடிகாரம் ஆர்டிசியிடம் "இப்ப மணி என்ன?" என்று கேட்கிறது. வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஆர்டிசியை எதிர்பார்க்காமல் தானே எண்ணிக்கொண்டு போகிறது. முதல் பதில் தப்பு என்றால், வேறு யாராவது திருத்தும் வரை எல்லாமே தப்பு.

ஆர்டிசிக்குள் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். நம் கைக்கடிகாரத்தில் இருப்பதேதான். நொடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் இது. பாதி பாதியாக 15 தடவை குறைத்தால் சரியாக ஒரு நொடித் துடிப்பு கிடைக்கும் என்பதால்தான் இந்த எண். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்து இதே ஏற்பாடுதான்.

விலை மலிவு என்பதால் துல்லியமும் அவ்வளவுதான். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி, ஒரு வருடத்தில் 10 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். வெயிலும் ஒரு காரணம். இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸையொட்டிய வெப்பநிலையில் ஒழுங்காக ஓடும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும்.

பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது?

பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பல வருடங்கள் தாங்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் மின்சாரம் இருந்தால், டெஸ்க்டாப்பில் ஆர்டிசிக்கு அதிலிருந்தே சக்தி போகும். பட்டன் பேட்டரிக்கு வேலை குறைவு. ஆனால் நம்மூர்க் கடைகளில் ராத்திரி மெயினையே அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் பேட்டரி தனியாகச் சுமை தாங்கவேண்டி வருகிறது.

கடலூருக்கு இதில் கூடுதல் கதை உண்டு. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் ஊர்கள் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. ஏற்கெனவே வலுவிழந்த பேட்டரிகள் இப்படிப்பட்ட நாட்களில்தான் முழுசாகக் கைவிடும். கரண்ட் திரும்பும்போது கம்ப்யூட்டர், தயாரிப்பாளர் வைத்த ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஐந்தரை மணி நேரம் மட்டும் மாறினால்?

தேதி சரியாக இருக்கிறது, மணி மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது என்றால் பேட்டரியைத் திட்டவேண்டாம். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் ஐடி ஊழியர்களுக்கு இது பழக்கமான தலைவலி. விண்டோஸ், ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் பொதுவாக 'யுடிசி' என்ற உலகப் பொது நேரத்தை எழுதும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். மாலை 3 மணிக்கு லினக்ஸிலிருந்து வெளியே வந்து விண்டோஸைத் திறந்தால் காலை 9.30 என்று காட்டுவது இதனால்தான். ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். இருவரில் ஒருவரை மற்றவர் வழிக்கு மாற்றும் செட்டிங்கைச் செய்துவிட்டால் போதும்.

தேதி தப்பானால் என்ன நஷ்டம்?

முதல் அடி இணையத்தில். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். கம்ப்யூட்டர் 2015-ல் இருப்பதாக நினைத்தால், இந்த வருடச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கதவைச் சாத்திவிடும்.

இரண்டாவது, கணக்கு வழக்கு. நெட் இல்லாமல் ஓடும் பில்லிங் மென்பொருள்கள் பல, தேதியைக் கம்ப்யூட்டரிடமே கேட்கின்றன. டிஜிட்டல் கையெழுத்திலும், தனியான நேர முத்திரைச் சேவை சேர்க்கப்படவில்லை என்றால், கம்ப்யூட்டர் சொல்லும் நேரமே ஏறுகிறது. டெண்டருக்கோ வரிக் கணக்குக்கோ கையெழுத்துப் போட்ட நாள் பத்து வருடம் பின்னால் இருந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

மூன்றாவதுதான் ரொம்பப் பெரிய பிரச்சினை: சிசிடிவி. கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள்ளும் இதே மாதிரிக் கடிகாரம் உண்டு. கரண்ட் போன ராத்திரி கடையில் திருடு போனது என்று வையுங்கள். அந்தத் தேதியைப் போட்டுத் தேடினால் பதிவே வராது. அது வேறு ஏதோ வருடத்தின் கீழ் கிடக்கும். கிடைத்தாலும், திரையில் ஓடும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கவேண்டி வரும். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்துடன் சான்றும் கேட்கிறது. அந்தச் சமயத்தில் கருவி ஒழுங்காக இயங்கியதா என்பதும் அதில் ஒரு நிபந்தனை. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தப்பான தேதி ஒன்றே போதும்.

நெட் வந்தால் தானாகச் சரியாகிவிடாதா?

பெரும்பாலும் ஆகிவிடும். 'என்டிபி' என்ற முறையில் கம்ப்யூட்டர் ஒரு நேர சர்வரிடம் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பல இயங்குதளங்கள் அந்தச் சரியான நேரத்தை ஆர்டிசியிலும் திருப்பி எழுதும். ஆனால் ஒரு சிக்கல். வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் சில மென்பொருள்கள் சந்தேகப்பட்டு விலகி நிற்கும். தனிக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸின் வழக்கமான வரம்பு 15 மணி நேரம். அதற்கு மேல் போனால், நெட் இருந்தும் நாம்தான் கையால் மாற்றவேண்டும்.

ஸ்மார்ட்போனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் கடிகாரம் போன் பேட்டரியிலேயே ஓடுகிறது. சிக்னல் கிடைத்ததும் மொபைல் நெட்வொர்க்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேரத்தை வாங்கிக்கொள்கிறது. கேமில் சீக்கிரம் 'லைஃப்' வாங்க தேதியைத் தள்ளி வைத்தவர்களுக்கு, வாட்ஸ்அப் திறக்க மறுத்த அனுபவம் இருக்கலாம்.

அரசு என்ன சொல்கிறது?

இந்தியாவுக்குச் சரியான மணி சொல்வது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. 2022 ஏப்ரல் 28-ல் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் இந்த ஆய்வகம் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வருடன், அல்லது அவற்றை ஒட்டி ஓடும் சர்வருடன் கடிகாரங்களை இணைக்கவேண்டும் என்றது. ஹேக்கிங் நடந்தால், பத்து சர்வர்களின் பதிவுகளை ஒரே நேரக் கோட்டில் அடுக்கினால்தான் யார் எப்போது நுழைந்தார் என்று பிடிக்க முடியும்.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டம், நிர்வாகம், வணிகம், நிதி சார்ந்த வேலைகளுக்கு இந்திய நேரத்தையே கட்டாயமாக்கும் வரைவு விதிகளை வெளியிட்டு, பிப்ரவரி 14 வரை கருத்து கேட்டது.

ஊருக்கு ஊர் மணி மாறிய காலமும் உண்டு. 1906-ல் இந்தியப் பொது நேரம் வரும் முன்பு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. இன்றும் சூரியனை வைத்துப் பார்த்தால் கடலூர், இந்திய நேரத்தைவிடச் சுமார் 11 நிமிடம் பின்தங்கியே இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே மணியை ஒப்புக்கொண்டதால்தான் ரயிலும் வங்கியும் கோர்ட்டும் ஓடுகின்றன. அந்த ஒப்பந்தம் டெல்லியில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கடையில் ஆஃப்லைனில் எழுந்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் டிவிஆருக்கும் முதல் மணியைச் சொல்வது பட்டன் பேட்டரிதான்.

என்ன செய்யலாம்?

• ஆன் செய்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அடிக்கடி பின்னால் போனால் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். செலவு கம்மி, சில நிமிட வேலை.

• 'தானாக நேரம் அமை' என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா, நேர மண்டலம் இந்தியாவா என்று சரிபாருங்கள்.

• டிவிஆரிலும் நேர சர்வர் வசதியை ஆன் செய்யுங்கள். நெட் இல்லாத டிவிஆர் என்றால், மாதம் ஒருமுறை போன் மணியோடு ஒப்பிடுங்கள்.

• மழைக்காலத்தில் நீண்ட மின்தடைக்குப் பிறகு, பில் போடும் முன்பும் கையெழுத்துப் போடும் முன்பும் தேதியை ஒரு தடவை பாருங்கள்.

• சம்பவம் நடந்து பதிவு எடுக்கும்போது டிவிஆர் நேரத்தைத் திருத்திவிடாதீர்கள். அந்த நொடியில் டிவிஆர் காட்டும் மணியையும் போன் காட்டும் மணியையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அதுவே சாட்சி.