தர்மபுரி வெய்யிலும் கடலோரப் புழுக்கமும்

வானிலை அறிக்கையில் நம்மில் பலர் காதில் வாங்கிக்கொள்வது ஒரே ஓர் எண்ணைத்தான். "தர்மபுரி 39, சென்னை 36" என்று சொன்னதும், சென்னையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கும் தர்மபுரித் தாயார், "அப்பாடா, அவளாவது சற்றுக் குளுமையாக இருக்கிறாளே" என்று நிம்மதி அடைகிறாள். மகளோ திருவல்லிக்கேணியில் முந்தானை நனைய முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா கொடுத்து வைத்தவள், அந்த வெய்யில் எவ்வளவோ தேவலை" என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி. ஆனால் பாதிதான் சரி. எப்படி என்று பாருங்கள்.

நம் உடம்புக்கு இயற்கை கொடுத்திருக்கும் குளிர்சாதனம் வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. வியர்வை காற்றில் உலர வேண்டும். உலரும்போதுதான் அது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலருமா? நெற்றியிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் சொட்டும், அவ்வளவுதான். நீர் நஷ்டம், குளிர்ச்சி கிடையாது.

வானிலை நிலையங்களில் ஒரு சாதாரண வெப்பமானிக்குப் பக்கத்திலேயே, அடியில் ஈரத்துணி சுற்றிய இன்னொன்றையும் வைத்திருப்பார்கள். துணி உலர உலர அது குறைந்த சூட்டைக் காட்டும். நம் உடம்பின் நிலைமையைச் சொல்வது அதுதான். 39 டிகிரி வெய்யிலில் ஈரப்பதம் நூற்றுக்கு 30 என்றால், ஈரத்துணி வெப்பமானி சுமார் 25 காட்டும். கடலோரத்தில் 36 டிகிரியும் ஈரப்பதம் 60-மாக இருந்தாலோ, அது 29-ஐத் தாண்டிவிடும். குறைந்த எண் உள்ள ஊரில்தான் உடம்புக்குக் கஷ்டம் அதிகம்! ஈரத்துணி வெப்பமானி 35-ஐத் தொட்டால் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். 2022-ல் இளம் வயதினரை வைத்துச் செய்த பரிசோதனையில், 31 வாக்கிலேயே உடம்பு திணறத் தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. வயோதிகர்களுக்கு அதற்கும் கீழேதான்.

தர்மபுரி ஏன் இப்படிக் காய்கிறது? நேர்கோட்டில் அளந்தால் கிழக்குக் கடல் அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர். மத்தியானத்தில் சென்னைக்குள் நுழையும் கடற்காற்று அவ்வளவு தூரம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நடுவே மலைகள் வேறு. ஊர் உயரமான இடத்தில் இருப்பதால் கொஞ்சம் சலுகை உண்டு; இரவில் சூடு சீக்கிரம் இறங்கும். சென்னையிலோ இரவு பன்னிரண்டு மணிக்கும் தலையணை நனைகிறது.

இந்த வித்தியாசம் வீட்டுக் காரியங்களில் எப்படியெல்லாம் தெரிகிறது! தர்மபுரியில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானையைச் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்தால் பாதிக் குளிர்ச்சிகூடத் தராது. பானையும் வியர்த்துத்தானே குளிர்கிறது! ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது, 'ஏர் கூலர்' வைப்பது எல்லாம் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் உகந்தவை. கடலோரத்தில் அவற்றை வாங்கி வைத்துக் கதவையும் சாத்திக்கொண்டால், வீடு இட்லிப்பானை ஆகிவிடும். அம்மா வீட்டில் நன்றாக வேலை செய்கிறதே என்று பார்த்துப் பணத்தைப் போடாதீர்கள். கடலோர வீட்டுக்கு வேண்டியது காற்றோட்டம்: எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மின்விசிறியைச் சுழலவிடுங்கள். உள்நாட்டில் வெய்யில் 40-க்கு மேல் போகும் நாளில் விசிறி வெறும் அனலைத்தான் வாரி அடிக்கும். மேலே ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டால்தான் அதனால் பிரயோசனம்.

சென்னைக்காரர்கள் கடற்காற்று எப்போது நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கேயிருந்து காற்று பலமாக வீசினால் கடற்காற்று வெளியிலேயே நின்றுவிடும். அன்று பட்டணமும் வேகும். 2003 மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. வானிலை இலாகாவின் கணக்கும் இடத்துக்கு இடம் வேறு. சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் 37 டிகிரி இருந்து, அந்த நாளுக்கு வழக்கமானதைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை. புழுக்கத்துக்கு அப்படிப் பெரிய பெயர் கிடைப்பதில்லை. அறிக்கையின் கடைசியில் "அசௌகரியம் ஏற்படலாம்" என்று ஒரு வரி வரும். அந்த வரியைத்தான் கடலோரப் பெண்மணிகள் முதலில் படிக்க வேண்டும்.

மகள் பாதிதான் சரி என்றேனே, மீதிப் பாதி இது: தர்மபுரி வெய்யில் ஏமாற்றும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்று புரியாது. "எனக்கென்ன, வியர்க்கவே இல்லையே" என்று மத்தியான வெய்யிலில் மாவடுவுக்கும் புளிக்கும் சந்தையில் அலைந்துவிட்டு வந்து மயங்கி விழுவார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மோரோ கேழ்வரகுக் கூழோ குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி, கலந்து வைத்துக்கொள்வதும் நல்லது. (சிறு கரண்டி என்றால் டீஸ்பூன். குழம்புக் கரண்டியை எடுத்துவிடாதீர்கள்!)

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரிப் பக்கத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி எல்லாம் அதனால் வருவதுண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013 முதல் காவிரித் தண்ணீர் கொடுத்து வருகிறார்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் குறையும்போது பழைய போர்வெல் தண்ணீரையே குடிக்க எடுப்பது சிலர் வழக்கம். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்ந்துதான் போகும். போர்வெல் தண்ணீர் துவைக்கவும் துலக்கவும் இருக்கட்டும். காவிரித் தண்ணீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுத்து வையுங்கள்.

வீட்டிலே அதிகம் வெந்து போகிறவள், அடுப்படியில் நிற்கிறவள்தான். வெளியே 36 என்றால் அடுப்பின் முன்னால் எவ்வளவு என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை. பத்து மணிக்குள் சமையலை முடித்துவிடுங்கள். மத்தியானம் அப்பளம் பொரிக்கச் சொல்கிறவர்களை அடுப்படிக்கு வந்து ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். யாருக்காவது உடம்பு அனலாகக் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கமல்ல, வெப்பத் தாக்குதல். உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெய்யிலில் உயிர் போனால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நிவாரணம் வாங்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம்.

தர்மபுரியில் அக்கினி நட்சத்திர நாட்களில் சாயங்காலம் திடீரென்று கறுத்து, புழுதி கிளம்பி, இடியுடன் கொட்டுவதுண்டு. காலையிலிருந்தே வழக்கத்துக்கு மாறாகப் பிசுபிசுத்தால் அதற்கு ஆயத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று வடகத்தை நான்கு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். மாங்காய் உதிர்கிறதே என்று பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடாமல், இடி ஓயும்வரை அவர்களையும் உள்ளேயே பிடித்து வையுங்கள்.