நேர்முகப் பரீட்சையிற் குணம் புலப்படுமா?

“உமது பலவீனம் யாது?” என வினவி, ஐந்து நிமிடத்தில் ஒருவரது குணத்தை அளந்துவிடலாமென நேர்முகப் பரீட்சகர் பலர் நம்புகின்றனர். இது வெறும் மயக்கமேயாகும். “அளவுமீறி உழைப்பதே” என்னும் விடையைப் பயிற்சிபெற்றோர் மனனஞ்செய்து வருகின்றனர். அப்பயிற்சிக்கு வசதியற்ற கிராமத்துப் பட்டதாரியோ உண்மையுரைத்துத் தோற்கிறார். நேர்மையைத் தேடும் வினா நேர்மைக்கே தண்டனை விதிக்கிறது.

யாவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒரே அளவுகோலாற் புள்ளியிடும் நேர்முகத்துக்கும் பிற்காலப் பணித்திறனுக்குமிடையிலான இணைபு 0.42 எனவும், ஒழுங்கமைப்பற்ற நேர்முகத்துக்கு அது 0.19 மாத்திரமே எனவும் சக்கெற் முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. எனவே, மனம்போன போக்கில் வினவும் அதிகாரத்தைப் பரீட்சகர் கைவிடல் வேண்டும். தொழில்சார்ந்த வினாக்களையும் முன்னரே வகுத்த புள்ளித்திட்டத்தையும் பட்டம்பெறவிருக்கும் நாம் உரிமையாகவே கோருவோமாக.