இலைக்கு என்ன விலை?

கீரனூரிலிருந்து பழனி வரையில் சாலையோரத்து உணவு விடுதிகளின் வாசலில் ‘மீல்ஸ் ரெடி’ என்ற பலகையைக் காணும்போதெல்லாம், சாப்பாடு என்னும் அருமையான சொல்லை நாம் ஏன் துறந்தோம் என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது.

சாப்பாட்டுக்குச் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் நாம் மட்டுமல்லர்; ஆங்கிலேயரும் 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சிலிருந்து ‘தாப்ளு தோத்’ என்ற பிரயோகத்தைக் கடன் வாங்கினர். விருந்தளிப்பவனின் மேஜை என்பது அதன் அர்த்தம். சத்திரக்காரன் குறித்த வேளையில் தன் மேஜையில் வைத்ததை வழிப்போக்கர் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்டு, ஒரே விலையைக் கொடுத்து எழுந்த சம்பிரதாயம் அதிலே அடங்கியிருந்தது. நாளடைவில் மேஜையும் விருந்தளிப்பவனும் மறைந்து, விலை மட்டும் எஞ்சியது. ‘நிர்ணயித்த விலை’ என்றே பொருள்படும் ‘ப்ரீ ஃபீக்ஸ்’ என்ற இன்னொரு பிரெஞ்சுத் தொடரும் அதற்குத் துணையாக வந்து சேர்ந்தது. பிரான்ஸிலோ இத்தகைய சாப்பாட்டுக்கே ‘மெனு’ என்று பெயர். பதார்த்தங்களின் பட்டியலைக் ‘கார்த்’ என்பார்கள்.

ஆங்கிலேயர் சொல்லில் மட்டும் வைத்திருக்கும் அந்த விருந்தளிப்பவனை நமது முழுச் சாப்பாடு இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சாம்பார் வாளியுடன் அழைக்காமலே வருகிறவர், இரண்டாம் முறை சாதம் கேட்பவரிடம் கணக்குப் பார்ப்பதில்லை. கல்யாணச் சமையற்காரரும் இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறாரேயன்றி, எத்தனை கரண்டி என்று பேசுவதில்லை.

அளவுச் சாப்பாட்டை நான் குறைகூறவில்லை. குறைவாக உண்ணும் முதியவர்க்கும், கையில் பணம் சுருங்கியவர்க்கும் அது உபகாரமே, உணவும் வீணாகாது. ஆனால் எது முழுச் சாப்பாடு, எது அளவுச் சாப்பாடு என்பதை ‘மீல்ஸ்’ என்ற ஒரே சொல் மூடிவிடுகிறதே! ஒரு தைப்பூச சமயத்தில், பாதயாத்திரையாக வந்த பெரியவர் ஒருவர் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு, அதற்குத் தனி விலை என்று கேட்டவுடன், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ரசம் சாதத்தோடு இலையை மூடியதை நான் எதிர்வரிசையிலிருந்து பார்த்தேன். பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பிரான்ஸில் விலைப்பட்டியலை உணவகத்தின் வாசலிலேயே வைக்க வேண்டுமென்பது சட்டம். நம்மூர்ப் பலகையிலும் முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்று தமிழில் எழுதி, எதிரே விலையையும், சாதம் மறுபடி உண்டா என்பதையும் குறித்துவிட்டால், பசியோடு நடந்து வருகிறவர் இலைமுன் உட்காருவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்.